வண்டிக்கு அடியில் கடகட சத்தம்

வண்டிக்கு வாய் இல்லை. ஆனாலும் அது பேசும். சத்தத்தால் பேசும். அந்தப் பேச்சைக் கேட்கத் தெரிந்தால் பணம் மிஞ்சும். சில நேரம் உயிரும் மிஞ்சும்.

இந்தப் பாடத்தில் பழைய வண்டிக்கு அடியில் வரும் சத்தத்தைப் பற்றிப் படிப்போம். சத்தம் எங்கிருந்து வருகிறது? எந்தச் சத்தம் காத்திருக்கும்? எந்தச் சத்தம் காத்திருக்காது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கள் ஊர் வண்டிகள்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் விஜயபுரம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் நகரி, புத்தூர். இன்னொரு பக்கம் திருத்தணி. இங்கே தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. தமிழில் வண்டி. தெலுங்கில் பண்டி. பெயர் எதுவானாலும் பிழைப்பு அதில்தான்.

மாங்காய்க் காலம் வந்தால் தோட்டத்திலிருந்து கூழ்த் தொழிற்சாலைக்கு மாங்காய் போகும். நகரிப் பக்கம் விசைத்தறிகள் உண்டு. அங்கே நூல் வரும், துணி போகும். கரும்பு போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போவார்கள். இத்தனைக்கும் வண்டி வேண்டும்.

எல்லாருக்கும் புது வண்டி வாங்க முடியுமா? முடியாது. பழைய வண்டிதான் பலருக்குக் கை கொடுக்கிறது. அம்பாசிடர் கார் செய்வது 2014-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. மாருதி ஆம்னி வேன் 1984-ஆம் ஆண்டு வந்தது. அதைச் செய்வதும் 2019-ஆம் ஆண்டு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய ஆம்னி இன்னும் பல ஊர்களில் ஓடுகிறது.

வயதானால் மனிதனுக்கு மூட்டு வலிக்கும். வண்டிக்கு வயதானால் மூட்டு சத்தம் போடும். ரப்பர் காய்ந்து போகும். இரும்பு துருப்பிடிக்கும். போல்ட் தளரும். பிறகு கடகட, கிணுகிணு, டக் டக் என்று சத்தம் வரும்.

சத்தம் நம்மை ஏமாற்றும்

சத்தம் பின்னால் கேட்கிறது. அதனால் கோளாறும் பின்னால்தான் என்று நினைக்கிறோம். அது தவறாகவும் இருக்கலாம். ஏன்?

காற்றில் சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இரும்பில் சுமார் 5,000 மீட்டர் போகும். இரும்புக் குழாயின் ஒரு முனையை மெதுவாகத் தட்டுங்கள். மறுமுனையில் காது வைத்தவருக்கு நன்றாகக் கேட்கும்.

வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின் வரை இரும்புதான். சைலன்சர் குழாய் நீளமாக ஓடுகிறது. முன்னால் ஒரு கிளாம்பு ஆடினால், அந்தச் சத்தம் குழாய் வழியாகப் பின்னால் வந்து கேட்கும். தகரத் தளமும் சேர்ந்து அதிரும். மேளத்தில் ஒரு பக்கம் தட்டினால் முழுத் தோலும் அதிர்வது போலத்தான்.

அதனால் காதை மட்டும் நம்பக் கூடாது. கேள்வி கேட்க வேண்டும். கையால் பார்க்க வேண்டும். பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

புத்தூர் கட்டு பற்றி நமக்குத் தெரியும். எலும்பு முறிந்தவர்கள் வெளியூரிலிருந்தும் அங்கே வருவார்கள். கட்டுப் போடுகிறவர் எடுத்தவுடன் கட்டுப் போடுவாரா? எப்படி விழுந்தாய் என்று கேட்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்பார். தொட்டுப் பார்ப்பார். வண்டிக்கும் அதே முறைதான். முதலில் கேள்வி. அடுத்து சோதனை. கடைசியில்தான் ஸ்பேனர்.

முதல் வேலை: எழுதி வையுங்கள்

மெக்கானிக்கிடம் போய், "வண்டியில ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. எப்போது வருகிறது என்று சொல்ல வேண்டும். மறந்து போகாமல் இருக்க எழுதி வைக்க வேண்டும். நமக்கு இப்போது எழுதத் தெரியும். ஒரு சின்ன நோட்டு போதும்.

இந்த 6 கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. வண்டி நிற்கும்போது, எஞ்சின் ஓடும்போது சத்தம் வருகிறதா?
2. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் வருகிறதா?
3. கிளட்சை விட்டு வண்டி கிளம்பும்போது வருகிறதா?
4. பிரேக் பிடிக்கும்போது வருகிறதா, அல்லது நிற்கிறதா?
5. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வருகிறதா?
6. வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறதா?

ஒவ்வொரு பதிலும் ஒரு வழியைக் காட்டும்.

வண்டி நிற்கும்போதே சத்தம் வந்தால் சக்கரத்தின் மேல் பழி இல்லை. சக்கரம்தான் சுற்றவில்லையே! எஞ்சின், சைலன்சர், அவற்றைத் தாங்கும் ரப்பர், இவற்றைப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தில் மட்டும் வந்தால் ஸ்பிரிங் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் பக்கம் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது "டக்" என்று வந்தால் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் பாகங்களைப் பார்க்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மாறினால் பிரேக் பக்கம். ஸ்டியரிங் திருப்பும்போது வந்தால் முன் சக்கரத்து மூட்டுகள் பக்கம். வேகத்தோடு கூடினால் சக்கரத்து பேரிங் பக்கம், அல்லது சுற்றும் தண்டின் பக்கம்.

இரண்டாவது வேலை: வண்டியைக் காலி செய்யுங்கள்

இது சுலபமான வேலை. செலவே இல்லை. ஆனால் பலர் செய்வதில்லை.

ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பிறகு அதே ரோட்டில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் ஆடியது ஜாக்கிதான். ஒரு சாக்குத் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

சக்கரத்தின் மூடியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு கல் இருந்தாலும் கடகட என்று உருளும். மூடியைக் கழற்றியதும் இன்னொன்றையும் பாருங்கள். வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். வீல் நட்டு தளர்ந்திருந்தால் வண்டியை ஒரு அடி கூட நகர்த்தக் கூடாது. முதலில் இறுக்க வேண்டும். நட்டின் ஓட்டை தேய்ந்திருந்தால் மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்ல வேண்டும்.

அடியில் போகும் முன்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான். தாங்க அல்ல. மண் தரையில் ஜாக்கி சாயும். பழைய ஜாக்கி திடீரென்று இறங்கும். நசுங்கினால் உயிர் போகும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள்.

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள். செங்கல் உடையும். எஞ்சினை நிறுத்துங்கள். சாவியைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். சைலன்சர் ஆறட்டும். ஓடிய சைலன்சர் அடுப்புச் சட்டி போலச் சுடும்.

ஸ்டாண்டு இல்லையா? அப்படியானால் அடியில் போக வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அல்லது பள்ளம் வெட்டிய மெக்கானிக் கடைக்குப் போங்கள்.

சைலன்சர் பக்கம்

பழைய வண்டியில் கடகட சத்தத்துக்குப் பல நேரம் காரணம் சைலன்சர்தான். அதற்கு 3 காரணங்கள் உண்டு.

முதல் காரணம், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர். அது காய்ந்து அறுந்தால் குழாய் ஆடும். வண்டியின் தளத்தில் இடிக்கும். சிலர் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். வீடு வந்து சேர அது உதவும். ஆனால் அப்படியே விடக் கூடாது. ரப்பர் அதிர்வை வாங்கிக் கொள்ளும். கம்பி வாங்காது. அதிர்வு முழுவதும் குழாய்க்குப் போகும். பிறகு குழாய் விரிசல் விடும்.

இரண்டாவது காரணம், வெப்பத் தடுப்புத் தகடு. சைலன்சர் குழாய்க்கும் வண்டித் தளத்துக்கும் நடுவில் மெல்லிய தகடு இருக்கும். அதன் போல்ட் துருப்பிடித்துப் போனால் தகடு கிணுகிணு என்று அதிரும். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டும் சத்தம் வரும். வேகம் கூட்டினால் நின்றுவிடும். ஏன்? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். சரியான நேரத்தில் தள்ளினால் சிறிய தள்ளலே போதும், ஊஞ்சல் உயரப் போகும். நேரம் மாறித் தள்ளினால் ஆடாது. தகடும் அப்படித்தான். அதன் ஆட்டமும் எஞ்சின் ஆட்டமும் ஒத்துப் போகும்போது மட்டும் சத்தம் வரும்.

"தகடுதானே, பிய்த்துப் போட்டுவிடு" என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்தத் தகடு சூட்டைத் தடுக்கிறது. நம் பக்கத்தில் ரோட்டிலேயே வைக்கோலும் கேழ்வரகுக் கதிரும் பரப்பி வைப்பார்கள். கரும்புத் தோகை கிடக்கும். சூடான சைலன்சரில் அது சிக்கினால் தீப்பிடிக்கும். தகட்டை நல்ல கிளாம்பு போட்டு இறுக்குங்கள்.

மூன்றாவது காரணம், சைலன்சரின் உள்ளே துரு. பெட்ரோல் எரிந்தால் புகையோடு தண்ணீர் ஆவியும் வரும். பக்கத்துத் தெருவுக்கே போய் வரும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடாகாது. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். அதனால் உள் தகடுகள் துருப்பிடித்து உடையும். ஆறிய சைலன்சரைக் கையால் தட்டிப் பாருங்கள். காய்ந்த சுரைக்காய்க்குள் விதை உருளும் சத்தம் போலக் கேட்டால் உள் தகடு உடைந்திருக்கிறது. அந்தச் சைலன்சரை மாற்றத்தான் வேண்டும்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. தளத்தில் ஓட்டை இருந்தால் அது வண்டிக்குள் வரும். முதலில் தலைவலிக்கும். தூக்கம் வரும். பிறகு மயக்கம். கண்ணாடியை மூடிக் கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து. வண்டிக்குள் புகை வாசனை வந்தால், அல்லது ஏறியவர்களுக்கெல்லாம் தலைவலி வந்தால், உடனே நிறுத்தி இறங்குங்கள். கதவைத் திறந்து காற்று வரச் செய்யுங்கள்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பக்கம்

பள்ளத்தில் மட்டும் சத்தம் வந்தால் இந்தச் சோதனை செய்யுங்கள். வண்டியின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். வண்டி ஒரு முறை எழும்பி அடங்கினால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. தொட்டில் போல ஆடிக் கொண்டே இருந்தால் அது செத்துவிட்டது. அதன் மேல் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 4 மூலைகளிலும் இப்படிப் பாருங்கள்.

ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனைகளிலும் ரப்பர் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் இரும்பும் இரும்பும் இடிக்கும். நடுவில் யூ போல்ட் இருக்கும். அது தளர்ந்தாலும் சத்தம் வரும். ஒரு பட்டை உடைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சுமை ஏற்றாமல் கடைக்குப் போங்கள்.

சக்கரத்தின் பக்கம்

கடிகாரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 12 இருக்கும் இடத்தில் ஒரு கை. 6 இருக்கும் இடத்தில் ஒரு கை. ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம்.

அடுத்து 9 இருக்கும் இடத்தில் ஒரு கை. 3 இருக்கும் இடத்தில் ஒரு கை. ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஸ்டியரிங்கைச் சேர்ந்த டை ராடு முனை தேய்ந்திருக்கலாம். இரண்டுமே ஸ்டியரிங்கோடு சேர்ந்தவை. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து போகும். இதில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம்.

சுற்றும் தண்டின் பக்கம்

ஆம்னி, அம்பாசிடர், ஜீப், லாரி போன்ற வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருக்கும். இழுப்பது பின் சக்கரம். நடுவில் ஒரு நீளமான தண்டு சுற்றும். அதன் பெயர் புரொப்பெல்லர் ஷாப்ட். அதன் முனைகளில் சிலுவை வடிவ மூட்டு இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் கிராஸ் என்பார்கள். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தண்டு வளைந்து கொடுக்க அந்த மூட்டு உதவுகிறது.

கிராஸில் கிரீஸ் காய்ந்தால் பேரிங் தேயும். கிளட்சை விடும்போது "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சின்னச் சத்தம்தான். ஆனால் அது உடைந்தால் தண்டு கழன்று ரோட்டில் விழும். வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால் வண்டி கை மீறிப் போகும்.

உரையாடல்: இருவர் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள்

இது பாடத்துக்காக எழுதிய உரையாடல். ஒருவர் வேன் ஓட்டும் தம்பி. இன்னொருவர் மெக்கானிக் அண்ணன்.

தம்பி: அண்ணா, வண்டிக்கு அடியில ஒரே கடகட. வேற ஒரு கடையில சைலன்சரையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

அண்ணன்: அடியில பார்த்தாங்களா?

தம்பி: இல்லண்ணா. சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டாங்க.

அண்ணன்: சரி, எப்ப எப்ப சத்தம் வருது?

தம்பி: எழுதிட்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா? ஒண்ணு, வண்டி நிக்கும்போதே கடகடங்குது. ரெண்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினா நின்னுடுது. மூணு, கிளட்ச் விட்டா டக்குனு ஒரு சத்தம்.

அண்ணன்: நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. எஞ்சின் ஆறட்டும். டீ குடிச்சிட்டு வருவோம்.

(அரை மணி நேரம் கழித்து.)

அண்ணன்: பாருங்க, சைலன்சரைத் தட்டறேன். உள்ள எதுவும் உருளல. குழாயில ஓட்டை இல்ல. இந்தத் தகட்டைத் தொட்டுப் பாருங்க.

தம்பி: ஆடுதுண்ணா!

அண்ணன்: போல்ட்டு துருப்பிடிச்சுப் போச்சு. ரெண்டு கிளாம்பு போட்டா சரி. சைலன்சரை மாத்த வேண்டாம்.

(கிளாம்பு போட்டு எஞ்சினை ஓட்டினார்கள். கடகட நின்றுவிட்டது.)

தம்பி: சத்தம் நின்னுடுச்சுண்ணா! கிளம்பட்டுமா? மாங்காய் லோடு இருக்கு.

அண்ணன்: இருங்க தம்பி. உங்க நோட்டை இன்னொரு தரம் படிங்க. மூணாவது வரி.

தம்பி: கிளட்ச் விட்டா டக்குனு ஒரு சத்தம்.

அண்ணன்: அது தகட்டுச் சத்தம் இல்ல. எஞ்சினை நிறுத்திட்டேன். சக்கரத்துக்குக் கட்டை வெச்சிருக்கேன். கியர் நியூட்ரல்ல இருக்கு. இப்ப தண்டை இப்படியும் அப்படியும் திருப்பறேன். கிராஸைப் பாருங்க.

தம்பி: தண்டு கொஞ்சம் திரும்பின பிறகுதான் அந்தப் பக்கம் திரும்புது. நடுவுல ஆட்டம் இருக்கு.

அண்ணன்: அதான் டக். துருப்பொடியும் கொட்டுது பாருங்க. உள்ள பேரிங் போயிடுச்சு.

தம்பி: மாங்காய் சீசன் முடிஞ்சதும் மாத்திக்கலாமா?

அண்ணன்: நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. காலையில யாரை ஏத்திட்டுப் போவீங்க?

தம்பி: தெருப் பிள்ளைங்களை.

அண்ணன்: அப்ப நீங்களே சொல்லுங்க.

(தம்பி சிறிது நேரம் பேசவில்லை.)

தம்பி: இன்னைக்கே மாத்திடுங்கண்ணா. லோடுக்கு வேற வண்டி சொல்லிடறேன்.

அண்ணன் சாக்பீஸால் தண்டிலும் அது சேரும் இடத்திலும் ஒரே கோடாகப் போட்டார். பிறகுதான் கழற்றினார். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். மாறிப் பூட்டினால் தண்டு அதிரும். பழைய கிராஸைத் தம்பியின் கையில் கொடுத்தார். அதன் ஒரு முனை தேய்ந்து மெலிந்து இருந்தது.

இதில் நாம் என்ன தெரிந்து கொண்டோம்? பெரிதாகக் கேட்ட சத்தத்துக்குச் சிறிய கோளாறு. சிறிதாகக் கேட்ட சத்தத்துக்குப் பெரிய கோளாறு. கடகட நின்றதும் தம்பி கிளம்பியிருப்பார். நோட்டில் எழுதிய மூன்றாவது வரிதான் அவரை நிறுத்தியது.

காதுக்கு ஒரு கருவி

1816-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னெக் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளியின் இதயத் துடிப்பு அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. காகிதத்தைக் குழல் போலச் சுருட்டினார். ஒரு முனையை மார்பில் வைத்தார். மறுமுனையைக் காதில் வைத்தார். துடிப்பு நன்றாகக் கேட்டது. இப்படித்தான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது.

மெக்கானிக்கும் இதையே செய்கிறார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைப்பார். கைப்பிடியைக் காதருகே வைப்பார். எந்த இடத்தில் சத்தம் அதிகம் என்று கண்டுபிடிப்பார். நாம் இதைச் செய்ய வேண்டாம். பெல்ட்டும் விசிறியும் சுற்றும். புடவை, துண்டு, வேட்டி நுனி சிக்கினால் இழுத்துவிடும். பழகியவர் செய்யட்டும். நாம் பக்கத்தில் நின்று கேட்போம்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதி வண்டியில் ஒட்டி வையுங்கள்.

வீல் நட்டு தளர்ந்தால் நிறுத்து.
ஸ்டியரிங் ஆடினால் நிறுத்து.
பிரேக் பிடிக்கும்போது இரும்பு உரசினால் நிறுத்து.
தண்டில் டக் டக் சத்தம் வந்தால் நிறுத்து.
வண்டிக்குள் புகை வந்தால் நிறுத்து.

தகடு ஆடுவது, சைலன்சர் ரப்பர் ஒன்று அறுந்தது, ஜாக்கி உருளுவது, இவை நாளை வரை காத்திருக்கும். ஆனால் மாதக் கணக்கில் காத்திருக்காது.

பில்லைப் படியுங்கள்

மெக்கானிக்கிடம் 3 கேள்வி கேட்கலாம். கேட்பது தவறில்லை.

எந்த பாகம் கெட்டது? அதைக் காட்ட முடியுமா? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா?

நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். அவரே காட்டுவார். பிறகு பில் வாங்குங்கள். பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பணம் வாங்கிக் கொண்டு வேலை செய்யாமல் ஏமாற்றினால் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். பில் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். அதைத்தான் எஃப்.சி. என்கிறோம். வண்டிக்கு 8 வயது தாண்டினால் ஆண்டுதோறும் அதை எடுக்க வேண்டும். அதற்காக மட்டும் வண்டியைச் சரி செய்தால் போதாது. சான்று ஆண்டுக்கு ஒரு நாள் பார்க்கும். நாம் தினமும் ஓட்டுகிறோம்.

சொற்களைப் படியுங்கள்

சைலன்சர், கிளாம்பு, கிளட்ச், பேரிங், ஸ்பேனர், ஜாக்கி, ஸ்டாண்டு, துரு, அதிர்வு, தகடு, மூட்டு, தகுதிச் சான்று

பதில் எழுதுங்கள்

1. வண்டி நிற்கும்போதே சத்தம் வந்தால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?
2. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஏன்?
3. வெப்பத் தடுப்புத் தகட்டைப் பிய்த்துப் போடக் கூடாது. ஏன்?
4. தம்பி நோட்டில் எழுதாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
5. கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்ணால் பார்க்க முடியுமா?

கணக்குப் போடுங்கள்

ஒரு பில்லில் இப்படி எழுதியிருக்கிறது. கணக்குக்காகச் சொன்ன விலைதான் இது.

கிளாம்பு 2. ஒன்று 60 ரூபாய்.
கிராஸ் 2. ஒன்று 450 ரூபாய்.
கூலி 500 ரூபாய்.
மொத்தம் 1,620 ரூபாய்.

மொத்தம் சரியா? தவறு என்றால் எவ்வளவு கூடுதல்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் பழைய வண்டி வைத்திருப்பவர் ஒருவரிடம் போங்கள். மேலே உள்ள 6 கேள்விகளையும் கேளுங்கள். பதிலை உங்கள் நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அடுத்த வகுப்பில் எல்லாரும் கலந்து பேசுவோம். யார் வண்டியில் என்ன சத்தம், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்வோம்.